மேட்டு கோல், பள்ளத்து கோல்

எங்கள் பள்ளி மைதானத்தைச் சமப்படுத்தப் போகிறார்கள் என்று ரேவதி போனில் சொன்னபோது எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. என் சுபாவம் அப்படி. நல்ல செய்தி வந்தாலும் அதன் பின்னால் வேறு ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பேன். ரேவதி, நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த உடற்கல்வி ஆசிரியை. ஜவ்வாது மலைமேல் காவலூருக்குப் போகிற வழியில் இருக்கும் அந்த விடுதிப் பள்ளியில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. பிள்ளைகளுக்கு நான் பீட்டி மிஸ். பெயர் ரோஸ்லின் என்று ஒன்று இருந்ததே சம்பளம் வாங்கும் நாளில் மட்டும் ஞாபகத்துக்கு வரும்.

அதே போனில் இன்னொன்றும் சொன்னாள். கைப்பந்தாட்டத்தில், அதாவது ஹேண்ட்பாலில், இப்போது ஒரு விதி வந்திருக்கிறதாம். குறுக்கே தடுப்பு ஆள் இல்லாமல் நேராக எறிகிற பந்து கோல்கீப்பரின் தலையில் பட்டால், எறிந்தவர் இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வேண்டும். எனக்கு என் பழைய கோல்கீப்பர் அலமேலுவின் ஞாபகம் வந்தது, போனை வைக்கப் பார்த்தேன். ரேவதி விடவில்லை. "அலமேலு அக்கா கதைய ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க மிஸ். நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றாள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஏன் ஒத்துக்கொண்டோம் என்று ஒரு வாரம் கவலைப்பட்டேன்.

நான் அடிவாரத்து ஊர்க்காரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடவும், மற்ற நாளில் கபடி ஆடவும் பழகியவள். உடற்கல்விப் படிப்பு முடித்து, மலைப் பள்ளி என்றால் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்று எழுதிப் போட்டு, வேலை கிடைத்து பஸ் ஏறியவள். ஹேண்ட்பாலைப் பற்றிப் படிப்பில் படித்ததோடு சரி. ஆனால் மலைமேல் கால்பந்துக்கு வேண்டிய இடத்துக்கு எங்கே போவது? ஹேண்ட்பாலுக்கு நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் போதும். எங்கள் பள்ளியின் பின்னால் அந்த அளவுக்கு ஒரு இடம் இருந்தது. சரிவாக இருந்தது, அவ்வளவுதான்.

சரிவு என்றால் கண்ணுக்குத் தெரிகிற சரிவு. சமையற்கட்டுப் பக்கத்துக் கோலை மேட்டு கோல் என்போம். பலாமரத்துப் பக்கத்துக் கோல் பள்ளத்து கோல். மேட்டிலிருந்து எறிகிற பந்து தரையில் குத்தி எழும்பும்போது வேகம் கூடி வரும். அதனால் பள்ளத்து கோலில் நிற்கிற கோல்கீப்பர் ஒரு எட்டு முன்னே வந்து நிற்பாள். பந்து எழும்புவதற்கு முன்பே தடுத்துவிட வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். முதல் பாதியில் மேட்டு கோலைக் காப்பது, இரண்டாம் பாதியில் பள்ளத்து கோலைக் காப்பது என்பது எங்கள் வழக்கம். ஆட்டத்தின் கடைசியில் களைத்துப்போனவர்கள் மேட்டை நோக்கி ஓடுவதுதான் நல்ல பயிற்சி என்று நான் நினைத்தேன். பிள்ளைகள் அதற்காக என்னைத் திட்டியது எனக்குத் தெரியும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்களிடம் ஸ்கோர் காட்டும் பலகை கிடையாது. ஒவ்வொரு கோல் விழுந்ததும் கோல்கீப்பர் ஸ்கோரைக் கூவுவாள். மற்ற ஆறு பேரும் அதைத் திருப்பிக் கூவுவார்கள். சமையற்கட்டில் சாம்பார் தாளிக்கிற அம்மாவுக்குக்கூட ஸ்கோர் தெரிந்திருக்கும். இந்தப் பழக்கத்தைக் கண்டு கீழே இருந்து வருகிற அணிகள் மிரண்டு போகும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஹேண்ட்பால் ஏதோ கூடைப்பந்துக்குத் தங்கை மாதிரித் தெரியும். ஆடிப் பார்த்தால்தான் தெரியும். கோலுக்கு முன்னால் ஆறு மீட்டர் கோடு ஒன்று வளைந்து கிடக்கும். அதற்குள் கோல்கீப்பர் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியே காலை ஊன்றி எம்பி, காற்றில் உள்ளே மிதந்து, கீழே விழுவதற்குள் பந்தை எறிந்துவிடலாம். ஆட்டத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். எறிகிறவள் ஒற்றைக் காலில் இறங்குவாள், முழங்கால் முறுக்கிக்கொள்ளும். தடுக்கிறவளுக்கு விரல் பிசகும். கோல்கீப்பருக்கோ கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. நாலடி தூரத்திலிருந்து முழு வேகத்தில் வருகிற பந்துக்கு முன்னால் கையையும் காலையும் விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணை மூடக்கூடாது. நான் ஒருநாள் பழகிப் பார்த்தேன். முதல் பந்துக்கே கண்ணை மூடிக்கொண்டு சேசுவே என்றேன். பிள்ளைகள் அதை ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார்கள்.

எனக்குப் பயம் பிடித்தது கனகாவின் முழங்காலில் இருந்துதான். கனகா எங்கள் முதல் அணியில் எம்பி எறிகிற பெண். ஒரு பயிற்சி ஆட்டத்தில் எறிந்துவிட்டு இறங்கினாள். அவளைச் சுற்றி யாரும் இல்லை, யாரும் தள்ளவில்லை. முழங்காலுக்குள் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஓரத்தில் நின்ற எனக்கே கேட்டது. அவள் அழவில்லை, ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். வீட்டார் புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப் போனார்கள். எலும்பு முறிந்திருந்தால் கட்டில் கூடியிருக்கும். அறுந்தது உள்ளே இருக்கும் தசைநார். பிறகு வேலூரில் டாக்டர் சொல்லித்தான் எல்லோருக்கும் புரிந்தது. கனகா அதன் பிறகு ஆடவில்லை. அதன் பின் எந்தப் பெண் எம்பினாலும், அவள் கால் தரையில் படும்வரை என் கண் அவள் முழங்காலில்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு நான் பந்தய நாட்களில் படுத்திய பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். விடிந்ததும் எல்லோரையும் வரிசையில் உட்கார வைத்து நகம் பார்ப்பேன், வெட்டுவேன். பிசகிய விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றுவேன். நகை எதுவும் போட்டு ஆடக்கூடாது என்பது விதி. வளையலும் கம்மலும் கழன்றுவிடும், மூக்குத்தி கழலாது. மூக்கில் இருப்பதைக் கழற்றினால் வீட்டுக்கு ஆகாது என்று தாய்மார்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆகவே மூக்குத்தியின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவேன். எங்கள் அணி மைதானத்தில் இறங்கினால் ஏழு மூக்கிலும் பிளாஸ்திரி இருக்கும். தெர்மாஸ் குடுவையில் காப்பி கொண்டுபோவார்கள் எல்லோரும், நான் ஐஸ் கட்டி கொண்டுபோவேன்.

தலைமையாசிரியர் தணிகாசலம் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது வந்து படபடவென்று ஏதாவது சொன்னால், முழுவதும் கேட்டுவிட்டு "அப்புறம்?" என்பார். அந்த அப்புறத்துக்குப் பதில் இல்லாமல் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். அணி மலையிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அவர் ஒன்று செய்வார். பிள்ளைகளின் பெற்றோரை முன்கூட்டியே வரச்சொல்லி, பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, என்னையும் கூப்பிட்டு அவர்கள் எதிரில் நிறுத்துவார். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லுவார்: "இந்த டீச்சர் கையில குடுக்கிறீங்க. குடுத்த மாதிரியே இந்த டீச்சர் கையிலதான் திருப்பி வாங்கணும்." அவர் சொல்வது பெற்றோருக்கு ஆறுதல். எனக்கோ அதைக் கேட்கும்போதெல்லாம் முதுகில் வேர்க்கும். ஒருமுறை, சார் இப்படிச் சொல்லாதீர்கள், பயமாக இருக்கிறது என்றேன். "பயம் இருக்கட்டும்" என்றார்.

அலமேலு வந்தது அதற்குப் பிறகு. சாமை விதைக்கிற குடும்பம். உயரம் இல்லை, ஆனால் கை நீளம். பேச்சு குறைவு, ஸ்கோர் கூவுவதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பாள் என்று தோழிகள் கேலி செய்வார்கள். பந்தைக் கண்டு அவள் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. பத்தாவது படிக்கும்போது, எறிகிறவளின் தோளைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று சொல்லிவிடுவாள். அந்த வருஷம் எங்கள் அணி மாவட்ட அளவில் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டது. ஆட்டம் கலசப்பாக்கத்தைத் தாண்டி ஒரு கல்லூரி மைதானத்தில். அங்கே விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். உங்கள் கோல்கீப்பரைப் பார்க்கத்தான் முக்கியமாக வந்தோம், முழு ஆட்டமும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று ஆட்டத்துக்கு முன்னால் என்னிடமே சொன்னார்கள். விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் அவளைப் பத்தாவதோடு நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். இது எனக்கும் தெரியும், அலமேலுவுக்கும் தெரியும்.

ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். கோல்கீப்பரின் ஜெர்சி மற்றவர்களுடையதிலிருந்து வேறு நிறமாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்களிடம் அப்படி ஒரே ஒரு மஞ்சள் ஜெர்சிதான் இருந்தது. மாற்று கோல்கீப்பர் என்று ஜெயந்தி என்ற பெண் இருந்தாள். ஆனால் அவள் கோலில் நிற்க வேண்டுமானால் அலமேலு கழற்றிக் கொடுத்ததைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வருஷம்வரை அப்படி ஒரு தேவை வந்ததில்லை.

முதல் பாதி நன்றாகப் போயிற்று. இரண்டாம் பாதியில் பக்கம் மாறினோம். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். எதிரணியில் இடதுகைப் பழக்கமுள்ள ஒரு பெண் ஓரத்திலிருந்து எம்பினாள். அலமேலு முன்னே வந்து கோணத்தை அடைத்தாள். பந்து அவள் முகத்தில், இடது கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் பட்டது. சப்பென்று சத்தம். பந்து எதிரணியிடமே திரும்பிப் போயிற்று. அலமேலு முட்டி போட்டு உட்கார்ந்தாள், பிறகு தரையில் கையை ஊன்றிக்கொண்டாள். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். எறிந்த பெண் அழுதுகொண்டே ஓடி வந்தாள், பாவம், அவளும் குழந்தைதானே.

நடுவர் இரண்டு கையையும் தூக்கிக் கூப்பிடாமல் அணி ஆசிரியை உள்ளே காலை வைக்கக் கூடாது. அந்தச் சைகை வரும்வரை நான் கோட்டிலேயே நின்றேன். சைகை வந்ததும் தெர்மாஸோடு ஓடினேன். கண் பக்கம் சிவந்திருந்தது, ரத்தம் இல்லை. மூக்குத்தி மேல் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. பெயர் கேட்டேன், சொன்னாள். எந்த ஊர்ப் பள்ளியோடு ஆடுகிறோம் என்று கேட்டேன், சொன்னாள். நடுவர் குனிந்து, ஸ்கோர் என்னம்மா என்று கேட்டார். "பதினொண்ணு பத்து, நாங்க மேல" என்று பட்டென்று சொன்னாள். நடுவர் முகம் தெளிந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விகள் அவை. சரியாகச் சொன்னால் தலை தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். நானும் தெளிந்தேன். ஆடுகிறாயா என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் கீறேன் மிஸ்" என்றாள்.

நான் திரும்பி நடக்கத் தொடங்கியபோது பின்னால் மெல்லச் சொன்னாள்: "மிஸ், இது பள்ளத்து கோலு. பந்து வேகமா எழும்புது. நான் ஒரு எட்டு முன்னாடியே நிக்கறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். விசில் ஊதிவிட்டார்கள். தெர்மாஸை மூடும்போதுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது கல்லூரி மைதானம். மேசை மாதிரி சமமான தரை. அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அப்படியானால் அலமேலு எங்கே நின்றுகொண்டிருக்கிறாள்? ஸ்கோரை ஏன் சரியாகச் சொன்னாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பந்து படுவதற்குச் சற்று முன்புதான் ஏழு பேரும் சேர்ந்து அதைக் கூவியிருந்தார்கள். ஸ்கோர் அவள் தலையில் இல்லை, வாயில் இருந்தது.

எழுந்து நின்று, அலமேலு வெளியே வா என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. கேட்டதா, கேட்காதது போல நின்றாளா, தெரியாது. உள்ளே ஓட எனக்கு உரிமை இல்லை. ஆட்டத்தை நிறுத்த என்னிடம் இருந்தது ஒரு பச்சை அட்டைதான். அதை நேரக்காப்பாளரின் மேசையில் வைத்தால் ஒரு நிமிஷம் கிடைக்கும். ஆனால் பந்து நம் அணியிடம் இருக்கும்போதுதான் வைக்கலாம். பந்தோ எதிரணியிடம் இருந்தது.

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். கோல் விழுந்துவிட்டால் பந்து நடுக்கோட்டுக்கு வந்து எங்கள் கைக்கு வரும். ஆகவே கோல் விழட்டும், மாதாவே, ஒரு கோல் விழட்டும் என்று வேண்டினேன். தன் அணி மேல் கோல் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பயிற்சியாளர் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அலமேலு என்ன செய்தாள் தெரியுமா? விடவில்லை. முதல் பந்தைக் காலால் தடுத்தாள். அது பக்கக் கோட்டைத் தாண்டிப் போய் எதிரணிக்கே கிடைத்தது. அடுத்ததைத் தோளில் வாங்கினாள், அதுவும் அவர்களிடமே திரும்பிப் போயிற்று. பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விடுதிக்கு ஆள் எடுக்க வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். என் கண் அவள் தலையை விட்டு அகலவில்லை. இன்னொரு பந்து அந்தத் தலையில் பட்டால் என்ற ஒரே நினைப்பு. குடுத்த மாதிரியே திருப்பி வாங்கணும் என்ற சாரின் குரல் வேறு.

கடைசியில் ஒரு பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். பந்து எங்களுடையது. அட்டையை மேசையில் வைத்தேன், வைத்தேன் என்ன, அறைந்தேன். விசில் ஊதினார்கள்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். இப்படித் தடுத்த பிறகு நான் ஏதோ பாராட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஜெர்சியைக் கழற்று என்றேன். அலமேலு புரியாமல் பார்த்தாள், பிறகு ஜெர்சியின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பள்ளி பனியன் போட்டிருந்தாள், கூச்சம் இல்லை. விடமாட்டேன் என்பதுதான். ஒரு நிமிஷம்தான் இருக்கிறது. ஜெயந்தி பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு அழுகிற மாதிரி நின்றாள். அலமேலுவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தலைவழியாக ஜெர்சியை நானே உருவினேன். அத்தனை பேர் எதிரில். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. "நீங்க பயந்துட்டீங்க மிஸ். அவ்ளோதான்" என்றாள்.

ஜெயந்தியைக் குறை சொல்ல முடியாது. ஈரமான ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போய் நின்றாள், வந்த பந்துகளில் பாதிக்கு மேல் உள்ளே விட்டாள். தோற்றோம். விடுதிக்காரர்கள் போகும்போது, பாதி ஆட்டத்தில் எடுத்துவிட்டால் எப்படி மேடம் முடிவு செய்வது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்கள். அடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அலமேலுவை நேராக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாகப் பார்த்தார். கண்ணில் விளக்கு அடித்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், விரலைத் தொடர்ந்து பார்க்கச் சொன்னார். அதற்குள் அலமேலுவுக்குத் தெளிந்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சில நாள் ஆடவேண்டாம், வாந்தி எடுத்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். வாந்தி எடுக்கவில்லை. மறுநாள் முழுக்க அவள் பின்னாலேயே சுற்றினேன். பள்ளத்து கோல் என்று சொன்னாயே என்று கேட்டதற்கு, தோழிகளைப் பார்த்து, "பழக்கத்துல வாய்ல வந்துச்சு. அதுக்கு இன்னா இப்போ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பேச்சுத்தான் மலை முழுக்க நின்றது. அலமேலு புலி மாதிரி ஆடிக்கொண்டிருந்தாள், பீட்டி மிஸ் பயந்துபோய் எடுத்துவிட்டார்.

அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். சண்டை போடுகிற ஆள் இல்லை. தலைமையாசிரியர் அறை வாசலில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "எம் பொண்ணு நல்லாத்தான் ஆடினு இருந்துச்சாமே. ஏன் சார் நிறுத்துனாங்க?" என்று கேட்டார். நான் சுவரோரம் நின்றேன். தணிகாசலம் சார் அவரை உட்காரச் சொன்னார், உட்கார்ந்தார்.

"குடுத்த மாதிரியே வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சிங்க."

"அப்ப டீச்சர் அவங்க வேலைய செஞ்சிட்டாங்க."

அவர் போன பிறகு சார் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பெண் பள்ளத்து கோல் என்று சொன்னதை என் காதால் கேட்டேனா என்றார். கேட்டேன் சார் என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. ஆனால் அலமேலுவைப் பத்தாவதோடு நிறுத்தாமல் பார்த்துக்கொண்டது அவர்தான். வீட்டுக்கே இரண்டு தடவை நடந்து போய் அவள் அப்பாவோடு பேசினார். பன்னிரண்டாவது முடித்தாள். பிறகு அமிர்திப் பக்கம் கல்யாணமாகிப் போய், அங்கே வனத்துறை நாற்றுப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு பந்தைத் தொடவில்லையாம்.

இருபது வருஷம் ஆகப்போகிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு விரல் கட்டியிருக்கிறேன், தோள் பிடித்துவிட்டிருக்கிறேன். தலையில் பந்து பட்ட எந்தப் பெண்ணிடமும் அதன் பிறகு நான் ஸ்கோர் கேட்டதில்லை. எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்றுதான் கேட்பேன். ஆனாலும் எனக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. அவள் சொன்னது நிஜமாக இருந்தால்? பழக்கத்தில் வாயில் வந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் விடுதி இடத்தையும் ஆட்டத்தையும் நான் பறித்துவிட்டேனா? கனகாவின் முழங்கால் கொடுத்த பயத்தை அலமேலுவின் தலையில் இறக்கி வைத்துவிட்டேனா? ஜெபத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

போன மாதம் மைதானம் தயாராகிவிட்டது என்று ரேவதி அழைத்தாள். போனேன். மேடு பள்ளம் எதுவும் இல்லை. பலாமரம் மட்டும் இப்போது தரைக்குக் கீழே நிற்கிற மாதிரித் தெரிகிறது. புதிதாகக் கோடு போட்டிருந்தார்கள். எனக்கு ஏனோ கால் தடுமாறியது, சமதளத்தில் நடக்கிற பழக்கம் அந்த இடத்தில் எனக்கில்லை. ஸ்கோர் காட்டும் பலகைகூட வந்துவிட்டது. பிள்ளைகள் ஆடினார்கள். கோல் விழுந்ததும் பலகை இருந்தும் கூவினார்கள், அந்தப் பழக்கம் போகவில்லை.

அப்போதுதான் பார்த்தேன், கோலுக்குப் பின்னால் அலமேலு நின்றுகொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது, கை அதே நீளம். மூக்குத்தி பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் பத்துப் பதினொரு வயதில் ஒரு பெண், அதே கை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவளே வந்துவிட்டாள்.

"இப்போ எது மிஸ் பள்ளத்து கோலு?" என்றாள். சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மகளை இந்த வருஷம் எங்கள் பள்ளி விடுதியில் சேர்த்திருக்கிறாளாம். கோலில்தான் நிற்பேன் என்கிறாளாம். அதற்காக ரேவதியைப் பார்த்துப் பேச வந்திருக்கிறாள். ரேவதியும் வந்து எங்களோடு நின்றாள். அலமேலு புதுத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்த ஆட்டம் எனக்கு ஞாபகமே இல்ல மிஸ். காலைல பஸ் ஏறுனது தெரியும். அப்புறம் டாக்டரு கண்ணுல லைட் அடிச்சது தெரியும். நடுவுல ஒண்ணியும் இல்ல. நான் நல்லா ஆடினேன்னு மத்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

ஜெர்சியை உருவியது, நீங்கள் பயந்துவிட்டீர்கள் என்று சொன்னது, எதுவும் ஞாபகம் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். அதையும் ஜெயந்தி சொல்லித்தான் தெரியுமாம். ஞாபகம் இல்லை என்று சொன்னால் மறுபடி ஆட விடமாட்டார்கள் என்று அப்போது மறைத்தாளாம். பிறகு எல்லோரும் என்மேல் பழி போட்டபோது, வாயைத் திறக்க முடியாமல் போயிற்றாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிம்மதியா, கோபமா, இத்தனை வருஷத்து முள் வெளியே வந்த வலியா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ரேவதி என்ன செய்வது என்று தெரியாமல் பேச்சை மாற்றப் பார்த்தாள். கிரவுண்டு சமமாகிவிட்டது, இனிமேல் தலையில் பட்டால் மேடு எது பள்ளம் எது என்று கேட்கக்கூட முடியாதே, வேறு என்னதான் கேட்பது என்றாள்.

அலமேலு மகளைப் பார்த்தாள். அந்தப் பெண் அதற்குள் மஞ்சள் ஜெர்சியோடு கோலில் போய் நின்றிருந்தாள். முழங்கால்வரை தொங்கியது. கோல் விழுந்தது, கணீரென்று ஸ்கோர் கூவினாள்.

"அவ எப்பவும் ஸ்கோர் கரெக்டா சொல்லுவா மிஸ். நம்பாதீங்க" என்றாள் அலமேலு ரேவதியிடம். "தலையில பட்டா ஒண்ணியும் கேக்காதீங்க. கூட்டினு வந்து உக்கார வைங்க."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் முடிகிறவரை விடவில்லை.